மூளை அழற்சி: ஒரு சொல்லும் பல நோய்களும்

நோய்க்கு இடப்படும் பெயர் மருத்துவரின் சீட்டோடு நின்றுவிடுவதில்லை. அது ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் ஏறுகிறது. மாவட்ட அலுவலகத்தில் ஓர் எண்ணாக மாறுகிறது. அந்த எண்ணை அடிப்படையாகக் கொண்டே தடுப்பூசிக்கும், கொசு ஒழிப்புக்கும், மருந்துக்கும், குடிநீருக்கும் நிதி ஒதுக்கப்படுகிறது. பெயர் பொருத்தமாக அமைந்தால் உதவி உரிய இடத்தைச் சென்றடையும். பெயரில் மயக்கம் நேர்ந்தால், பணமும் உழைப்பும் ஒரு திசையில் செலவாகிக் கொண்டிருக்க, நோய் வேறொரு காரணத்தால் உயிர்களைப் பறித்துக் கொண்டிருக்கும்.

மருத்துவத்தில் 'என்செபாலிட்டிஸ்' எனப்படும் சொல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். தமிழில் இது மூளை அழற்சி என்று வழங்குகிறது. பேச்சு வழக்கிலும் நாளிதழ்களிலும் மூளைக் காய்ச்சல் என்னும் பெயரே மிகுதி. உத்தரப் பிரதேசம், பீகார், அஸ்ஸாம், மேற்கு வங்காளம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் பல ஆண்டுகளாகக் குழந்தைகளின் உயிரோடு தொடர்புடைய சொல் இது. இதன் சரியான பொருள் யாது, அது எதைக் குறிக்கிறது, எதைக் குறிப்பதில்லை என்பதை அறிந்திருப்பது மருத்துவ மாணவர்களுக்கு மட்டுமன்றி, வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும் இன்றியமையாததாகும்.

சொல்லின் பிறப்பு

கிரேக்க மொழியில் 'கெபலே' என்றால் தலை. 'என்கெபலோஸ்' என்றால் தலைக்குள் இருப்பது, அதாவது மூளை. இதனோடு 'ஐட்டிஸ்' என்னும் விகுதி சேர்ந்து என்செபாலிட்டிஸ் ஆயிற்று. தொடக்கத்தில் இவ்விகுதி ஓர் உறுப்பைச் சார்ந்தது என்னும் பொருளையே தந்தது. மூட்டைச் சார்ந்த நோய் ஆர்த்ரைட்டிஸ், சிறுநீரகத்தைச் சார்ந்த நோய் நெப்ரைட்டிஸ் என்றாயின. பிற்கால மருத்துவத்தில் இவ்விகுதி அழற்சி என்னும் குறிப்பிட்ட பொருளைப் பெற்றது.

அழற்சி என்ற தமிழ்ச் சொல், நெருப்பைக் குறிக்கும் அழல் என்பதோடு உறவுடையது. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் இலத்தீன் வழிச் சொல்லும் தீச்சுடரைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. சிவத்தல், வீங்குதல், சூடேறுதல், வலித்தல் ஆகிய நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக உரோமானிய நூலாசிரியர் செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே குறித்து வைத்தார். பாதிக்கப்பட்ட உறுப்பு தன் தொழிலைச் செய்ய இயலாமற் போவது பின்னர் ஐந்தாவது அடையாளமாகச் சேர்க்கப்பட்டது.

கையிலோ காலிலோ அழற்சி ஏற்பட்டால் தோல் விரிந்து வீக்கத்துக்கு இடங்கொடுக்கிறது. மூளையோ எலும்பினாலான மூடிய பேழைக்குள் இருக்கிறது. அங்கே வீக்கம் ஏற்பட்டால் அது விரிவதற்கு இடமில்லை, உள்ளழுத்தம் உயர்கிறது, நரம்பணுக்கள் நசுங்குகின்றன, இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. காய்ச்சல், தலைவலி, வாந்தி, பிதற்றல், வலிப்பு, நினைவிழத்தல் ஆகியவை இதன் விளைவுகளே. சில மணி நேரத் தாமதமும் நிரந்தர ஊனத்தில் முடியக்கூடும்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மூளை அழற்சி என்னும் சொல், எந்த உறுப்பில் எத்தகைய மாற்றம் நிகழ்கிறது என்பதை மட்டுமே கூறுகிறது. அதனை விளைவித்தது எது என்பதைக் கூறுவதில்லை. காரணம் ஒரு வைரஸ் கிருமியாக இருக்கலாம், பாக்டீரியாவாக இருக்கலாம், ஒட்டுண்ணியாக இருக்கலாம். கிருமி ஏதுமின்றி, உடலின் தற்காப்பு ஆற்றலே தடம் மாறி மூளையைத் தாக்குவதும் உண்டு. இவ்வகை நோய்களுள் பெரிதும் அறியப்பட்ட ஒன்று 2007-ஆம் ஆண்டில்தான் தெளிவாக வரையறுக்கப்பட்டது. வெறிநாய்க்கடியால் வரும் ரேபிஸ் நோயும் ஒரு மூளை அழற்சியே. ஹெர்ப்பிஸ் என்னும் வைரஸினால் வரும் மூளை அழற்சிக்கு 'அசைக்ளோவிர்' என்னும் மருந்து உண்டு. ரேபிஸுக்கு அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றும் மருந்தில்லை. பெயர் ஒன்றாயினும் வழி வேறு வேறு.

அண்டைச் சொற்கள்

மூளை அழற்சியோடு அடிக்கடி மயங்கும் சொற்கள் இரண்டு. முதலாவது 'மெனிஞ்சைட்டிஸ்'. இது மூளையைச் சுற்றியுள்ள உறைகளின் அழற்சியாகும்; தமிழில் மூளை உறை அழற்சி எனப்படும். கடுமையான தலைவலியும் கழுத்து விறைப்பும் இதன் முதன்மையான அறிகுறிகள். மூளையின் திசுவே தாக்கப்படும்போது மன நிலையில் மாற்றம் தோன்றுகிறது: பேச்சுக் குழறுகிறது, ஆள் அடையாளம் தெரிவதில்லை, வலிப்பு வருகிறது. உறையும் மூளையும் ஒருங்கே பாதிக்கப்படுவதும் உண்டு.

இரண்டாவது 'என்செபலோபதி'. இது மூளையின் செயல் நலிவைக் குறிக்கும் பொதுச் சொல். இங்கே மூளை தன் தொழிலில் குன்றுகிறது. ஆயின் அழற்சி இருக்க வேண்டும் என்பதில்லை. கல்லீரல் கெட்டு நச்சுப் பொருள்கள் இரத்தத்தில் தேங்கினாலும், இரத்தத்தில் சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்தாலும், கடும் வெயிலில் உடல் வெப்பம் எல்லை மீறினாலும் மூளைச் செயல் நலியும். வெளித் தோற்றத்தில் வலிப்பும் மயக்கமும் ஒன்று போலவே இருக்கும்.

இவற்றைப் பிரித்தறிய, முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்தி மூளைத் தண்டுவட நீர் சிறிதளவு எடுக்கப்படுகிறது. அந்நீரில் வெள்ளணுக்கள் இயல்புக்கு மேல் காணப்பட்டால் அழற்சி உண்டு என்பதற்கு அது சான்றாகும். மூளையின் காந்த அதிர்வுப் படமும், மூளை மின்னலை வரைவும் மேலும் துணை செய்கின்றன. காரணமான கிருமியைக் கண்டறிவதற்கு ஆய்வுக்கூடச் சோதனைகள் தேவை. இவ்வசதிகள் நகர மருத்துவமனைகளில் கிடைப்பது போல் கிராமப்புறங்களில் கிடைப்பதில்லை. அங்கே வேறுபாடுகள் மறைந்து, எல்லாம் ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன.

மக்கள் வழக்கும் இந்த மயக்கத்துக்கு இடந்தருகிறது. தமிழில் மூளைக் காய்ச்சல் என்பது உறை அழற்சியையும் மூளை அழற்சியையும் ஒருசேரக் குறிக்கிறது. முற்காலத்தில் காய்ச்சலோடு வரும் பிதற்றலனைத்தும் ஜன்னி எனப்பட்டது. இந்தி வழங்கும் பகுதிகளில் 'திமாகி புகார்' என்பதற்கும் மூளைக் காய்ச்சல் என்றே பொருள். பீகாரின் முசாபர்பூர் வட்டாரத்தில், வலிப்பைச் சுட்டும் சொல்லைச் சேர்த்து 'சம்கி புகார்' என்பர். மக்கள் கண்ணால் கண்டதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். அதில் குறை காண்பதற்கில்லை. அப்பெயரையே காரணத்தின் பெயராக நிருவாகம் கொள்ளும்போதுதான் சிக்கல் எழுகிறது.

ஜப்பானிய மூளை அழற்சி

இந்தியாவில் மூளை அழற்சி என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது ஜப்பானிய மூளை அழற்சியே. 1871 முதல் ஜப்பானில் இத்தகைய கொள்ளைநோய்கள் பதிவாகியுள்ளன. 1924-இல் ஏற்பட்ட பெருங்கொள்ளைநோயில் 6,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 1935-இல் இறந்த ஒருவரின் மூளையிலிருந்து வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு முன்னர் 1917-இல் வியன்னாவில் பான் எகனாமோ என்னும் மருத்துவர் விவரித்த உறக்க நோய் போன்ற மூளை அழற்சியை 'ஏ' வகை என்றும், ஜப்பானில் கண்டதை 'பி' வகை என்றும் அந்நாளில் வகைப்படுத்தினர். ஆகவே ஜப்பானிய என்னும் அடைமொழி, நோய் முதலில் வேறுபடுத்தி அறியப்பட்ட நாட்டைக் குறிக்கிறதேயன்றி, இன்று அது வழங்கும் நிலப்பரப்பைக் குறிப்பதன்று. தடுப்பூசியின் பயனாக அந்நாட்டில் இந்நோய் இப்போது அரிதாகிவிட்டது.

இந்தியாவில் இந்நோயாளிகள் முதன்முதலாக அறியப்பட்டது 1955-இல், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் வேலூரில். 1973-இல் மேற்கு வங்காளத்தின் பாங்குரா, பர்துவான் மாவட்டங்களில் முதற்பெருங்கொள்ளைநோய் தோன்றியது. 1978-இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர்ப் பகுதி தாக்குண்டது. அதன் பின் ஏறத்தாழ ஆண்டுதோறும் மழைக்காலத்தோடு சேர்ந்தே அந்நோயும் அங்கே வந்தது. 2005-இல் கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள்.

இவ்வைரஸ் இயல்பாக வாழ்வது கொக்கு, நாரை போன்ற நீர்ப் பறவைகளிடத்தில். பன்றிகளின் உடலில் இது பெருகுகிறது. நெல் வயலில் தேங்கிய நீரில் வளரும் கியூலெக்ஸ் இனக் கொசுக்கள் பறவையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் இதனை எடுத்து மனிதருக்கு ஏற்றுகின்றன. மனித இரத்தத்தில் வைரஸ் போதிய அளவு பெருகாமையால், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இது கொசு வழியாகப் பரவுவதில்லை. தொற்றுக்கு உள்ளாவோருள் சுமார் 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் வருகிறது. அவ்வாறு வந்தால், மூவரில் ஒருவர் வரை இறக்கக்கூடும். பிழைத்தோரிலும் பலருக்குக் கைகால் முடக்கம், பேச்சுக் குறை, அறிவு வளர்ச்சிக் குறை ஆகியவை நிலைத்துவிடுகின்றன. வைரஸைக் கொல்லும் மருந்து இந்நோய்க்கு இல்லை. தடுப்பூசியே முதன்மையான காப்பு.

2005-ஆம் ஆண்டின் இழப்புக்குப் பின், 2006-இல் உத்தரப் பிரதேசம், அஸ்ஸாம், மேற்கு வங்காளம், கர்நாடகம் ஆகிய 4 மாநிலங்களின் 11 மாவட்டங்களில் 1 முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்குத் தடுப்பூசி இயக்கம் தொடங்கப்பட்டது. அது பின்னர் மேலும் பல மாவட்டங்களுக்கு விரிந்தது. 2013 முதல், நோய் நிலவும் மாவட்டங்களில் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் 9 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் இரு தவணைகள் இடம்பெற்றன. கர்நாடகத்தின் கோலார்ப் பகுதியில் பிரிக்கப்பட்ட வைரஸிலிருந்து உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட தடுப்பூசியும் 2013-இல் வெளிவந்தது.

வலை போன்ற ஒரு பெயர்

தடுப்பூசி தொடங்கியபோது, நோய் குறைகிறதா என்று அளப்பதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் உடனடியாக ஆய்வுக்கூடச் சோதனை செய்ய இயலாத நிலையில், உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஒரு கூட்டுச் சொல் நடைமுறைக்கு வந்தது. அதுவே 'அக்யூட் என்செபாலிட்டிஸ் சிண்ட்ரோம்', அதாவது கடும் மூளை அழற்சி அறிகுறித் தொகுதி. அலுவலக ஏடுகளில் இது ஏ.இ.எஸ். என்று சுருக்கி எழுதப்படுகிறது.

எந்த வயதினராயினும், ஆண்டின் எப்பருவமாயினும், திடீரெனக் காய்ச்சல் தோன்றி, அதனோடு குழப்பம், இடம் காலம் அறியாமை, பேச இயலாமை, நினைவிழத்தல் போன்ற மனநிலை மாற்றமோ, புதிதாக வந்த வலிப்போ காணப்பட்டால், அவரை இத்தொகுதியில் சேர்க்க வேண்டும் என்பது வரையறை. சிறு குழந்தைகளுக்குக் காய்ச்சல் மிகுதியால் மட்டும் வரும் எளிய வலிப்பு இதில் சேராது.

இளம்பிள்ளை வாத ஒழிப்பிலும் இத்தகைய முறையே கையாளப்பட்டது. குழந்தைகளின் கைகால்களில் திடீரெனத் தோன்றும் தளர்வாதம் ஒவ்வொன்றும் அறிவிக்கப்பட்டு, மலம் சோதிக்கப்பட்டு, போலியோ வைரஸ் உண்டா இல்லையா என்று முடிவு கட்டப்பட்டது. அகன்ற வலையை வீசியதால்தான் எந்த நோயாளியும் தப்பவில்லை. வலையில் விழுந்த ஒவ்வொன்றையும் ஆராய்ந்ததால்தான் 2014-இல் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதெனச் சான்று பெற முடிந்தது.

ஏ.இ.எஸ். என்பதும் அவ்வாறான வலையே. அது நோயின் பெயரன்று; ஆராயப்பட வேண்டியவர்களின் பட்டியலுக்கு இடப்பட்ட பெயர். சொல்லின் நடுவில் அழற்சி என்றிருப்பினும், இத்தொகுதியில் சேர்க்கப்பட்ட எல்லோருக்கும் மூளையில் அழற்சி இருக்கும் என்று கொள்வதற்கில்லை. மூளை மலேரியாவும், மூளை உறை அழற்சியும், சர்க்கரைக் குறைவால் வரும் செயல் நலிவும் இதே வலையில் விழும். வலையில் சிக்கியதைப் பிரித்துப் பாராமல் அனைத்தையும் ஒரே நோயாக எண்ணினால் நேரும் இழப்பை, அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்றும் இந்திய நிகழ்ச்சிகள் இரண்டும் எடுத்துக் காட்டுகின்றன.

மலேசியா தந்த பாடம்

1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளைச் சார்ந்தோரிடையே காய்ச்சலும் மயக்கமும் பரவின. பன்றியும் மூளை அழற்சியும் சேர்ந்து காணப்பட்டமையால், இது ஜப்பானிய மூளை அழற்சியே எனக் கருதப்பட்டது. கொசு மருந்து தெளிக்கப்பட்டது; தடுப்பூசி போடப்பட்டது. நோய் நிற்கவில்லை.

உண்மையில், பொருந்தாத செய்திகள் முதலிலிருந்தே இருந்தன. ஜப்பானிய மூளை அழற்சி பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே பாதிக்கப்பட்டோர் பண்ணையில் உழைக்கும் வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி பெற்றவர்களும் நோயுற்றனர். பன்றிகளே நோயுற்று இருமின. 1999 மார்ச் மாதத்தில் சுவா காவ் பிங் என்னும் ஆய்வாளர் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். அது வந்த ஊரின் பெயரால் நிப்பா எனப் பெயர் பெற்றது. நோயுற்ற பன்றிகளோடு நெருங்கிப் பழகுவதால் பரவும் நோய்க்குக் கொசு ஒழிப்பு மருந்தாகாது. பத்து லட்சம் அளவிலான பன்றிகள் அழிக்கப்பட்ட பின்னரே நோய் அடங்கியது. அதற்குள் 100-க்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டனர்.

இந்தப் பாடம் பின்னாளில் கேரளத்துக்குப் பயன்பட்டது. 2018 மே மாதத்தில் கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரே குடும்பத்தினர் ஒருவர் பின் ஒருவராக மூளை அழற்சிக்கு உள்ளானபோது, வழக்கமான மூளை அழற்சி இவ்வாறு வீட்டாரிடையே பரவாது என மருத்துவர்கள் ஐயுற்றனர். மாதிரிகள் உடனே சோதனைக்குச் சென்றன. நிப்பா எனச் சில நாட்களில் உறுதியானமையால், நோயாளிகளோடு தொடர்பு கொண்டோரைக் கண்டறிந்து கண்காணித்து, நோயை இரு மாவட்டங்களோடு கட்டுப்படுத்த முடிந்தது.

கோரக்பூரில் கண்ட உண்மை

கோரக்பூர் வட்டாரத்தில் தடுப்பூசி பரவிய பின் ஜப்பானிய மூளை அழற்சி குறைந்தது. ஆயினும் மழைக்காலத்தில் மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளின் கூட்டம் குறையவில்லை. ஏ.இ.எஸ். என்று பதிவானோரில் பெரும்பாலோரிடம் ஜப்பானிய மூளை அழற்சி வைரஸின் அடையாளம் இல்லை. பல ஆண்டுகள் அவர்கள் காரணம் தெரியாதோர் என்னும் பத்தியிலேயே எழுதப்பட்டு வந்தனர்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கீழ்ச் சென்னையில் இயங்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் பிறரும் 2015, 2016-ஆம் ஆண்டுகளில் மேற்கொண்ட ஆய்வுகள் இப்பத்தியைப் பெருமளவு நிரப்பின. சோதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஸ்கரப் டைபஸ் நோயின் அடையாளம் காணப்பட்டது. தமிழ்நாட்டில் இது உண்ணிக் காய்ச்சல் எனப்படுகிறது. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் மிக நுண்ணிய உண்ணிகளின் இளம்புழுக்கள் கடிப்பதால் இது வருகிறது. கடித்த இடத்தில் சிலருக்குக் கருத்த புண் தோன்றும். கவனிக்காமல் விட்டால், சில நாள் காய்ச்சலுக்குப் பின் மூளையும் பாதிக்கப்படுகிறது.

இக்கண்டுபிடிப்பின் நடைமுறைப் பயன் பெரிது. ஜப்பானிய மூளை அழற்சிக்கு மருந்தில்லை. உண்ணிக் காய்ச்சலுக்கு உண்டு. 'டாக்சிசைக்ளின்', 'அசித்ரோமைசின்' ஆகிய இரண்டும் விலை குறைந்தவை. வாய் வழியே கொடுக்கத்தக்கவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்திருக்கக் கூடியவை. காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களிலேயே கொடுத்தால், நோய் மூளையை எட்டாமல் தடுத்துவிடலாம். ஆகவே இப்பகுதியில் மழைக்காலக் காய்ச்சலோடு வரும் குழந்தைகளுக்கு இம்மருந்துகளைத் தொடக்கத்திலேயே கொடுக்கும் முறை பரிந்துரைக்கப்பட்டது. 2018-இல் உத்தரப் பிரதேச அரசு 'தஸ்தக்' என்னும் பெயரில், வீடு வீடாகச் சென்று காய்ச்சலுற்ற குழந்தைகளை உடனே சிகிச்சைக்கு அனுப்பத் தூண்டும் இயக்கத்தையும் மேற்கொண்டது.

முசாபர்பூரின் கோடைக்காலம்

பீகாரின் முசாபர்பூர் மாவட்டம் லிச்சிப் பழத்துக்குப் பெயர் பெற்றது. 1995 முதல், மே, ஜூன் மாதங்களில், பழம் கனியும் பருவத்தில், அங்கே குழந்தைகளுக்கு வலிப்பும் மயக்கமும் வருவது அறியப்பட்டது. முந்தைய இரவு நன்றாக விளையாடிக் கொண்டிருந்த குழந்தை விடியற்காலையில் வலிப்போடு எழும்; சில மணி நேரத்தில் இறந்துவிடும். இதுவும் மூளை அழற்சி என்றே பதிவு செய்யப்பட்டது. வைரஸைத் தேடிப் பல ஆண்டுகள் சென்றன, எதுவும் அகப்படவில்லை.

வேலூரைச் சார்ந்த நச்சுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜானும், முசாபர்பூர்க் குழந்தை மருத்துவர் அருண் ஷாவும், இது அழற்சியன்று, சர்க்கரைக் குறைவால் வரும் மூளைச் செயல் நலிவு என்னும் கருத்தை எடுத்துரைத்தனர். 2014-இல் இந்தியாவின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் இணைந்து விரிவான ஆய்வை நடத்தின. அதன் முடிவுகள் 2017-இல் வெளியாயின. 2014-ஆம் ஆண்டுப் பருவத்தில் இரு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 குழந்தைகளில் 122 பேர் இறந்தனர். பலருக்குச் சேர்க்கும்போதே இரத்தச் சர்க்கரை மிகக் குறைந்திருந்தது. மூளைத் தண்டுவட நீரில் அழற்சியின் அடையாளம் இல்லை. லிச்சிப் பழம் தின்றமைக்கும், முந்தைய இரவு உணவு உண்ணாமைக்கும் நோயோடு தொடர்பிருப்பது தெரிந்தது.

லிச்சியில் 'ஹைப்போகிளைசின்' என்னும் பொருளும், அதனை ஒத்த மற்றொன்றும் உள்ளன. பட்டினி நேரத்தில் உடல் தன் கொழுப்பை எரித்துச் சர்க்கரையை உண்டாக்கிக் கொள்ளும் வழியை இவை அடைத்துவிடுகின்றன. லிச்சியும், ஜமைக்காவில் வாந்தி நோயை விளைவிக்கும் ஆக்கி என்னும் பழமும், தமிழ்நாட்டில் துணி வெளுக்கப் பயன்படும் பூந்திக்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சார்ந்தவை. நன்கு உண்ட குழந்தையின் கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் லிச்சி அதற்குத் தீங்கு செய்வதில்லை. ஊட்டக் குறைவுள்ள குழந்தை, பகலெல்லாம் தோட்டத்தில் உதிர்ந்த பழத்தைத் தின்றுவிட்டு, இரவு உண்ணாமல் உறங்கும்போதுதான் விடியற்காலையில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்குகிறது.

இதனால் தெளிவாகும் தீர்வு எளியது. குழந்தைகள் இரவில் உண்ணாமல் உறங்கலாகாது. நோயுற்ற குழந்தைக்கு உடனே இரத்தச் சர்க்கரையைச் சோதித்து, குறைந்திருந்தால் இரத்தக்குழாய் வழியே சர்க்கரை நீர் செலுத்த வேண்டும். இவ்வறிவுரைகள் பரவிய பின் அடுத்த சில ஆண்டுகளில் நோயாளர் எண்ணிக்கை தணிந்தது. எனினும் 2019-ஆம் ஆண்டின் கொடுங்கோடையில் முசாபர்பூரிலும் சுற்று மாவட்டங்களிலும் மீண்டும் 100-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அறிவியல் கண்ட உண்மை, ஒவ்வோர் ஆண்டும் பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு கிராமத்துக்கும் புதிதாக எடுத்துச் செல்லப்பட வேண்டும் என்பதை இது உணர்த்தியது.

பதிவேட்டில் எழுதும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து நிருவாகத்துக்குக் கிடைக்கும் நெறி ஒன்றே. அகன்ற பெயரால் எண்ணுதல் வேண்டும். குறுகிய பெயரால் மருத்துவம் செய்தல் வேண்டும். ஏ.இ.எஸ். என்று எழுதுவது பணியின் தொடக்கமே. அந்த வரிக்கு எதிரே, ஜப்பானிய மூளை அழற்சிக்கான சோதனை, உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனை, மலேரியாச் சோதனை, சேர்க்கும்போது இருந்த இரத்தச் சர்க்கரை அளவு, மூளைத் தண்டுவட நீரின் முடிவு ஆகியவை நிரப்பப்பட வேண்டும். காரணம் தெரியாதோர் என்னும் பத்தி நீளுமாயின், அது கண்காணிப்பில் குறை உண்டென்பதற்கோ, புதிய நோய் ஒன்று நுழைந்துள்ளது என்பதற்கோ அறிகுறியாகும். 1965-இல் நாகபுரிக்கு அருகில் கண்டறியப்பட்ட சாந்திபுரா வைரஸ், 2003-இல் ஆந்திரப் பிரதேசத்தில் குழந்தைகளிடையே கொள்ளைநோயாகப் பரவியதும், 2024-இல் குஜராத்தில் மீண்டும் தோன்றியதும் இங்கே நினைக்கத்தக்கவை. அதனைப் பரப்புவது மணல் ஈ, நெல்வயற் கொசுவன்று.

வயது, பருவம், தொழில், வாழிடம், தடுப்பூசி பெற்ற விவரம், கடைசியாக உண்ட நேரம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுவதற்குச் செலவேதும் இல்லை. மழைக்குப் பின் நெல்வயலருகே, தடுப்பூசி பெறாத குழந்தை. புதர்க்காட்டில் திரிந்து நான்கைந்து நாள் காய்ச்சலுற்ற குழந்தை. கோடைக்கால விடியலில், இரவு உண்ணாத குழந்தை. இம்மூவருக்கும் வலிப்பு ஒன்றே; மூவருக்கும் செய்ய வேண்டியது வேறு. ஆய்வுக்கூடத்தின் விடை வருமுன் கிராம சுகாதாரப் பணியாளரின் இந்தக் குறிப்பே மருத்துவருக்கு வழிகாட்டும். நினைவிழந்த குழந்தைக்கு வாய் வழியே எதுவும் புகட்டாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகிலுள்ள மருத்துவமனைக்குக் காலந்தாழ்த்தாமல் கொண்டு செல்ல வேண்டும் என்பது எல்லாக் காரணங்களுக்கும் பொதுவான விதி.

பல துறைகளின் பொறுப்பு

மூளை அழற்சித் தொகுதியின் காரணங்கள் பலவாதலால், தடுப்பு முறைகளும் ஒரே துறைக்குள் அடங்குவனவல்ல. இதனை உணர்ந்தே மைய அரசு 2012-இல் ஏற்பளித்த தேசியத் திட்டம், அஸ்ஸாம், பீகார், தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம் ஆகிய 5 மாநிலங்களின் 60 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது, சுகாதார அமைச்சகத்தோடு குடிநீர், மகளிர் குழந்தை நலம், சமூக நீதி, நகர்ப்புற வறுமை ஒழிப்பு ஆகியவற்றைக் கவனிக்கும் அமைச்சகங்களையும் இணைத்தது. தடுப்பூசியும் சிகிச்சையும் சுகாதாரத் துறையின் பணி. மாசு நீரால் பரவும் குடல் வைரஸ்களும் மூளையைத் தாக்கக் கூடுமாதலால், தூய குடிநீர் ஊரக வளர்ச்சியின் பணி. இரவு உணவின்றி உறங்கும் குழந்தை, ஊட்டச்சத்துத் திட்டத்தின் பொறுப்பு. பிழைத்தும் ஊனமுற்ற குழந்தைக்கு மறுவாழ்வு தருவது சமூக நலத் துறையின் கடமை.

இந்த இறுதிக் கடமை எளிதில் மறக்கப்படுகிறது. கொள்ளைநோய் தணிந்ததும் எண்ணிக்கை நிற்கிறது. பேச்சிழந்தும் நடையிழந்தும் வீடு திரும்பிய குழந்தை எந்தப் பத்தியிலும் இடம்பெறுவதில்லை. நோயின் பெயர் பதிவேட்டில் முடிந்துவிட்டாலும், அதன் விளைவு அக்குடும்பத்தில் ஒரு தலைமுறைக் காலம் நீடிக்கிறது. உடற்பயிற்சிச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவை மாவட்ட அளவிலேனும் கிடைக்கும்போதுதான் சிகிச்சை முழுமை பெறும்.

மூளை அழற்சி என்னும் சொல்லைப் பிழையின்றிப் பயன்படுத்துவது மொழி நலம் கருதி மட்டும் செய்யும் பணியன்று. அழற்சியை அழற்சியென்றும், செயல் நலிவைச் செயல் நலிவென்றும், இன்னும் ஆராயப்படாததை அறிகுறித் தொகுதியென்றும் எழுதும் பழக்கம் ஒவ்வொரு மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் வேரூன்ற வேண்டும். தடுப்பூசியால் காக்கத்தக்க குழந்தைக்குத் தடுப்பூசியும், மாத்திரையால் காக்கத்தக்க குழந்தைக்கு மாத்திரையும், சிறிதளவு சர்க்கரை நீரால் காக்கத்தக்க குழந்தைக்கு அந்நீரும் உரிய நேரத்தில் கிட்டுவதற்கு அதுவே முதற்படி.